தின்னரில் குளித்த பெரியவன்

என் வீட்டுக்காரர் சுவருக்குப் பெயின்ட் அடிப்பவர். நான் முகத்துக்கு மேக்கப் போடுபவள். "ரெண்டு பேர் கையிலயும் பிரஷ்தான், ஜாடிக்கேத்த மூடி" என்று எங்கள் கல்யாணத்தில் ஒரு வாயாடி உறவுக்காரர் சொல்லிவிட்டுப் போனார். எல்லோரும் சிரித்தார்கள், நானும் சிரித்தேன். அந்த இரண்டு பிரஷும் ஒன்றல்ல என்று அன்றே யாராவது எழுந்து சொல்லித் தொலைத்திருக்கலாம்.

விஷயத்துக்கு வருகிறேன். எங்கள் ஊர் நாடக அரங்கத்தில் ஒப்பனை அறைக்கு நிரந்தரமாக ஓர் ஆள் எடுக்கப்போகிறார்கள் என்று கேள்விப்பட்டதிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை. நான் வேலை பார்ப்பது ஒரு பார்லரில். அங்கே வருகிறவர்கள் அத்தனை பேருக்கும் வேண்டியது ஒரே முகம்தான். இருப்பதைவிடக் கொஞ்சம் வெளுப்பாக, இருப்பதைவிடக் கொஞ்சம் இளமையாக. நாடகத்தில் அப்படியில்லை. சாதுவை அயோக்கியனாக்கலாம், வாலிபனைக் கிழவனாக்கலாம், யாரிடமும் அடி வாங்காதவனின் கண்ணைக் கன்றிப்போக வைக்கலாம். அந்த வேலை எனக்கு வேண்டும். பல்லைக் கடித்துக்கொண்டு வேண்டும்.

ஆனால் அந்த அறைக்குத் தலைவியாக இருந்தவர் லேசுப்பட்ட ஆள் இல்லை. அரங்கத்தில் எல்லோரும் அவரை டீச்சர் என்பார்கள். அவர் யாருக்கும் எதையும் சொல்லிக்கொடுத்ததாகத் தெரியவில்லை, திட்டுவதைக் கேட்டு அந்தப் பெயரை வைத்திருக்கிறார்கள். முன்பொரு முறை யாரோ ஒருத்தி அழுக்கு பிரஷால் எல்லோருக்கும் மேக்கப் போட்டு, ராஜா முதல் சேவகன் வரை மொத்தக் குழுவுக்கும் முகமெல்லாம் கொப்புளம் கிளம்பி, நாடகமே நின்றுபோனதாம். அன்றிலிருந்து வேலை கேட்டு வருகிறவர்களிடம் டீச்சர் முதலில் கேட்பது பிரஷைத்தான். ஈரமான வெள்ளைத் துணியில் ஒவ்வொன்றையும் இழுப்பார். துளி நிறம் ஒட்டினாலும் வந்த வழியே போகலாம். பிறகு தன் கன்னத்தில் தடவிப் பார்ப்பார். அப்புறம்தான் மற்றதெல்லாம்.

இதையெல்லாம் நான் சாப்பாட்டு மேஜையில் என் வீட்டுக்காரரிடம் சொன்னேன். அவர் மிகவும் அக்கறையாகக் கேட்டுக்கொண்டார்.

"துளி கலர் வரக்கூடாது, அவ்வளவுதானே?"

"அவ்வளவுதாங்க."

அந்த 'அவ்வளவுதான்' என்ற சொல்லுக்காக என் நாக்கை நானே கடித்துக்கொள்ள வேண்டும்.

தேர்வு சனிக்கிழமை பிற்பகலில். வெள்ளிக்கிழமை மதியமே பார்லரில் சொல்லிவிட்டுக் கிளம்பினேன். சாவகாசமாக உட்கார்ந்து, வீட்டில் விட்டுவந்த என் பிரஷ்களைக் கழுவி, இரவெல்லாம் காயவைத்து எடுத்துப் போகலாம் என்று திட்டம். படியேறும்போதே பெயின்ட் கரைக்கும் தின்னர் வாடை மூக்கில் ஏறியது. எங்கள் வீட்டுக்கு அது புதிதல்ல, பால்கனியில் எப்போதும் ஒரு டப்பாவில் அவருடைய சுவர் பிரஷ்கள் ஊறிக்கொண்டிருக்கும். கைப்பையை மாட்டிவிட்டுப் பால்கனியை எட்டிப் பார்த்தேன்.

டப்பாவில் ஊறிக்கொண்டிருந்தவை சுவர் பிரஷ்கள் இல்லை.

பக்கத்தில் என் வீட்டுக்காரர், சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டு, பள்ளிக்கூடத்தில் பரிசு வாங்கியவர் போல நின்றுகொண்டிருந்தார். "வா, வா. உனக்கு வேலையே வைக்கலை. பாரு, பொட்டுக் கலர் இல்லை. டீச்சர் என்ன, டீச்சரோட அப்பாவே வந்தாலும் குறை சொல்ல முடியாது!"

என் பிரஷ்களுக்கெல்லாம் நான் பேர் வைத்திருக்கிறேன். இமைக்குப் பூசுவது பூனைவால். கோடு இழுப்பது ஊசி. களிம்பு பூசும் தட்டையான பிளாஸ்டிக் முடி பிரஷ் சப்பை. கடைசியில் பவுடர் போடும், ஆட்டு முடியில் செய்த பெரிய பிரஷ் பெரியவன். நான் பெரியவனைப் பிடித்துத் தூக்கினேன். காம்பு மட்டும் கையோடு வந்தது. முடிக் கொத்து டப்பாவுக்குள்ளேயே மிதந்தது.

நான் கத்தியதாக அவர் இன்றுவரை சொல்லிக்கொண்டிருக்கிறார். நான் கத்தவில்லை. கீழ் வீட்டுக்காரர் ஓடிவந்து கதவைத் தட்டியதற்கு வேறு ஏதாவது காரணம் இருந்திருக்கும்.

"என் பிரஷை எல்லாம் நான் இப்படித்தானேம்மா கழுவுறேன்?" என்றார் அவர், முகம் செத்துப்போய்.

"உங்க பிரஷ் சுவரைத் தடவுதுங்க! சுவருக்குத் தோல் இருக்கா? சுவருக்குக் கண் எரியுமா? சுவர் என்னிக்காவது உங்களைப் பார்த்து ஆன்னு அலறியிருக்கா?"

"துளி கலர் வரக்கூடாதுன்னு நீதானே..."

"நானேதான் சொன்னேன். போதுமா?"

பிள்ளையார் பிடிக்கக் குரங்காய் முடிந்தது என்பார்களே, அந்தக் குரங்கைப் பிடித்தவர் கண்ணில் நீர் முட்டி நின்றதால் அதற்கு மேல் என்னால் திட்ட முடியவில்லை. ஆசையாகச் செய்திருக்கிறார். கோபப்படுவதற்கு ஆசையாகச் செய்த தப்பைப் போல் சங்கடமானது வேறில்லை.

சத்தம் கேட்டு உள்ளேயிருந்து நாத்தனார் வந்தாள். அவருடைய தங்கை, எங்களோடு இருக்கிறாள், துணிக்கடையில் வேலை. எனக்கும் அவளுக்கும் பத்துப் பொருத்தமும் கிடையாது. டப்பாவைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், அண்ணனைப் பார்த்தாள்.

"வெந்நீர் போட்டு நல்லா அலசிடலாமா அண்ணி?" என்று சொல்லிக்கொண்டே அடுப்படிக்குப் போய் லைட்டரை எடுத்தாள்.

"அடுப்பைத் தொடாதே! வீடு பூரா தின்னர். பிரஷோட சேர்ந்து நாமளும் போயிடுவோம். முதல்ல ஜன்னலையெல்லாம் திற!"

ஆத்திரக்காரனுக்குப் புத்தி மட்டு. அழுவதை நாளைக்கு வைத்துக்கொள்ளலாம் என்று முந்தானையைச் செருகிக்கொண்டேன். நாளை பிற்பகல் வரை நேரம் இருக்கிறது. இந்தப் பிரஷ்கள் பிழைத்தால் நான் போவேன். பிழைக்கவில்லையென்றால் பார்லரில் புருவம் திருத்திக்கொண்டே கிழவியாவேன். என் கை பழகியது இந்தப் பிரஷ்களோடுதான். கடையில் ஒரு புதுக் கட்டு வாங்கி மறுநாளே முகத்தில் வைப்பது, அடுத்தவர் செருப்பைப் போட்டுக்கொண்டு ஓட்டப்பந்தயத்துக்குப் போவது மாதிரி.

ஒவ்வொன்றாக வெளியே எடுத்துப் பழைய துண்டுகளுக்கு நடுவில் வைத்து ஒற்றினேன். முறுக்கவில்லை, பிழியவில்லை. ஜன்னல் காற்றில் விரித்துவைத்து, தின்னர் தானாகப் பறக்கட்டும் என்று விட்டேன். சப்பையைத் தொட்டதும் தெரிந்துவிட்டது. அதன் பிளாஸ்டிக் முடி ஒன்றோடொன்று ஒட்டிப் பிசின் கட்டியாகியிருந்தது. அவன் கதை முடிந்தது. மற்றவர்கள் உயிரோடு இருந்தார்கள், ஆனால் முடியெல்லாம் வைக்கோல். அதுவும் முடிதானே, அதற்கும் எண்ணெய்ப் பசை வேண்டும், அதையெல்லாம் தின்னர் துடைத்துக் குடித்துவிட்டது.

வாளியில் வெதுவெதுப்பான தண்ணீர் பிடித்தேன், கை வைத்தால் சூடும் தெரியக்கூடாது, குளிரும் தெரியக்கூடாது. உள்ளங்கையில் குழந்தைகளுக்குப் போடும் ஷாம்பூ ஒரு சொட்டு. பூனைவாலைத் தலை கீழே பார்க்கப் பிடித்து, அந்த நுரையில் மெதுவாக வட்டம் போட்டேன். தலையைக் கீழே பார்த்தபடிதான் பிடிக்க வேண்டும். முடியும் காம்பும் சேரும் இடத்தில் ஓர் உலோகக் கழுத்து இருக்கிறதே, அதற்குள் பசை வைத்துத்தான் முடியை நட்டிருக்கிறார்கள். கழுத்துக்குள் தண்ணீர் இறங்கினால் பசை இளகும், முடி உதிரும். குழாயடியிலும் அப்படியே, தண்ணீர் காம்பிலிருந்து முடி பக்கமாக ஓடுவதுபோல் சரித்துப் பிடித்து அலசினேன்.

முகர்ந்தேன். ஒன்றும் தெரியவில்லை. தின்னர் வாடையிலேயே குடித்தனம் நடத்துகிற மூக்கு இது, இதை நம்ப முடியாது. வீட்டுக்காரர் மூக்கைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். நாத்தனார் மூக்கு அப்படியில்லை. பக்கத்து வீட்டில் ஊதுபத்தி கொளுத்தினால் இங்கே தும்முவாள். அந்தத் தும்மலுக்காக நான் அவளை எவ்வளவோ கேலி செய்திருக்கிறேன்.

"இங்க வா, இதை மோந்து பாரேன்."

மூக்கருகே கொண்டுபோனதுதான் தாமதம், தும்மினாள். "இருக்கு அண்ணி."

மறுபடி நுரை, மறுபடி அலசல். மறுபடி தும்மல். நான் கழுவ, அவள் தும்ம, அவர் தண்ணீர் மாற்ற, சாயங்காலம் வரை வீட்டில் இதே கச்சேரிதான். கடைசியில் ஒரு தடவை பூனைவாலை மூக்கில் வைத்துக் கண்ணை மூடிக்கொண்டு நின்றாள். நின்றுகொண்டே இருந்தாள்.

"இல்லை" என்றாள். "போயே போச்சு!"

வாடை போயிற்று, வைக்கோல் போகவில்லை. கன்னத்தில் வைத்தால் கீறியது. இனி இதற்குப் பசை ஏற்ற வேண்டும், தலைமுடிக்குப் போடும் கண்டிஷனர் போல ஏதாவது. எங்கள் வீட்டில் அந்தச் சாமான் ஒரே ஒருத்தியிடம்தான் இருந்தது. இடுப்புக்குக் கீழே தொங்கும் தன் கூந்தலுக்காக நாத்தனார் எங்கிருந்தோ வரவழைத்து அலமாரியில் பூட்டி வைத்திருக்கும் பாட்டில். அதைத் தொட்டதற்காக அவளும் நானும் ஒரு மாதம் பேசாமல் இருந்திருக்கிறோம். நான் எப்படிக் கேட்பது என்று விழித்துக்கொண்டிருக்கும்போதே அவள் எழுந்து போய் பாட்டிலைக் கொண்டுவந்து என் முன்னால் வைத்தாள்.

"ஒரு சொட்டு போதும்" என்றேன்.

"ஊத்துங்க அண்ணி. நாளைக்கு நீங்க தோத்துட்டு வந்து வீட்ல உட்கார்ந்தா யார் தாங்குறது?"

அவள் அன்பு அந்த மாதிரிதான் வரும். நான் அந்த மாதிரியே வாங்கிக்கொண்டேன்.

கண்டிஷனரை முடி நுனியில் மட்டும் நீவி, கொஞ்ச நேரம் விட்டு, வழவழப்பு தங்காமல் அலசினேன். துண்டில் ஒற்றி, விரலால் நீவி, ஒவ்வொன்றுக்கும் அதனதன் பழைய உருவத்தைப் பிடித்துவைத்தேன். மேஜை விளிம்பில் துண்டு விரித்து, காம்பு மேஜையிலும் தலை வெளியிலுமாகப் படுக்கவைத்தேன். நிமிர்த்தி வைத்தால் ஈரம் கழுத்துக்குள் இறங்கும், தரையில் படுக்க வைத்தால் ஒரு பக்கம் தட்டையாகும்.

இதற்குள் என் வீட்டுக்காரர் தங்கையின் ஹேர் டிரையரைத் தூக்கிக்கொண்டு வந்து நின்றார். "சீக்கிரம் காஞ்சிடும்ல?"

"கீழ வைங்க."

வைத்துவிட்டார்.

மிச்சம் பெரியவன். முடிக் கொத்தைக் கழுவி ஓர் ஓரமாகக் காயவைத்திருந்தேன். கலையாமல் முழுதாகக் கழன்று வந்தது ஒரு புண்ணியம். ஆனால் அதைத் திரும்பக் கழுத்தில் நடுவது எனக்குத் தெரியாத வேலை. மூலையில் உட்கார்ந்து தன் கையையே பார்த்துக்கொண்டிருந்த மனுஷனைக் கூப்பிட்டேன்.

"உங்க பிரஷ்ல முடிக் கொத்து கழண்டா என்ன செய்வீங்க?"

"பழைய பசையைச் சுரண்டிட்டு, அடியை நூலால கட்டி, ரெண்டு பசையைக் கலந்து ஒட்டுவேன்."

"ஒட்டுங்க. ஒரு முடி கோணலா நின்னாலும் உங்களைத் தின்னர்ல போட்டுடுவேன்."

ஏழாம் மாடியில் கயிற்றில் தொங்கிக்கொண்டு, ஒரு கையில் டீயும் மறு கையில் பிரஷுமாக வேலை செய்கிறவர் அவர். அன்றைக்குப் பெரியவனை ஒட்ட டீயைத் தள்ளிவைத்துவிட்டு இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். நான் பார்க்காத மாதிரி இருந்துகொண்டேன்.

மறுநாள் காலை பெரியவனைக் கன்னத்தில் வைத்துப் பார்த்தேன். உண்மையைச் சொல்கிறேன், வாங்கிய அன்றுகூட அவன் இவ்வளவு மிருதுவாக இருந்ததில்லை. ஆனால் காம்புகளைப் பார்த்தால் பரிதாபம். தின்னர் பட்ட இடமெல்லாம் வார்னிஷ் உரிந்து, மரம் திட்டுத்திட்டாகத் தெரிந்தது. அதற்கு ஷாம்பூ கிடையாது. அப்படியே ஒரு துண்டில் சுருட்டி எடுத்துக்கொண்டு போனேன்.

ஒப்பனை அறை நீளமானது, சுவர் முழுக்கக் கண்ணாடி, ஒவ்வொன்றைச் சுற்றிலும் பல்பு. நிறைய பேர் வந்திருந்தார்கள். வெள்ளைத் துணிக்கு முன்னால் ஒவ்வொருவராகக் கழன்றுபோய், கடைசியில் எனக்கு முன்னால் ஒரே ஒருத்தி. பெரிய சலூன்காரி, தோல் உறையில் வரிசையாகப் புத்தம்புதுப் பிரஷ்கள். அதைப் பார்த்ததும் என் துண்டுச் சுருளை முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டேன்.

டீச்சர் அவளுடைய பெரிய பிரஷை வாங்கி ஈரத்துணியில் இழுத்தார். கறுப்பாக ஒரு கோடு விழுந்தது.

"மேடம், அது நேத்துதான் பிரிச்சேன்! யூஸே பண்ணலை!"

"அதான் தெரியுது. ஒரு தடவைகூடக் கழுவலை. சாயம் அப்படியே இருக்கு." டீச்சர் துணியை மடித்து வைத்தார். "அழுக்குன்னா மத்தவங்க முகத்துல இருந்து வர்றது மட்டும் இல்லை. கடையில இருந்தும் வரும். நீ போயிட்டு வா."

அடுத்தது நான். துண்டைப் பிரித்ததும் டீச்சரின் புருவம் ஏறியது. "இது என்ன, நாய் ஏதாவது கடிச்சுதா?"

பழசு டீச்சர் என்று சொல்லியிருக்கலாம். வாய்வரை வந்தது. ஆனால் முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்க எனக்குச் சாமர்த்தியம் போதாது.

"என் வீட்டுக்காரர் பெயின்டர், டீச்சர். எனக்கு உதவி பண்றதா நினைச்சு நேத்து எல்லாத்தையும் தின்னர்ல ஊறவெச்சுட்டார். ஒண்ணு செத்துப்போச்சு. மத்ததைக் காப்பாத்திட்டேன்."

அறையில் யாரோ சிரித்தார்கள். டீச்சர் சிரிக்கவில்லை. பூனைவாலை எடுத்து ஈரத்துணியில் இழுத்தார். வெள்ளை. ஊசி, வெள்ளை. பெரியவனை இழுத்துவிட்டு, கண்ணை மூடி மூக்கருகே கொண்டுபோனார். நான் மூச்சை நிறுத்திக்கொண்டேன். நாத்தனாரே, உன் மூக்கை நம்பித்தான் வந்திருக்கிறேன். டீச்சர் தும்மவில்லை. கன்னத்தில் தடவினார். அப்புறம் யாரும் எதிர்பார்க்காதபடி, பெரியவனின் முடியைக் கொத்தாகப் பிடித்து வெடுக்கென்று இழுத்தார்.

என் உயிர் ஒரு தடவை போய்விட்டு வந்தது. ஒரு முடி வரவில்லை.

"முகத்தைப் போடு" என்றார்.

அவர்கள் எனக்குக் கொடுத்த நடிகர் சின்ன வயசுக்காரர். தொட்டாலே சிவந்துபோகும் தோல். "போன வாரம் போட்டவங்க கீறிட்டாங்க" என்று பயந்துகொண்டே உட்கார்ந்தார். அவரைத் தாத்தாவாக்க வேண்டும். சப்பை இல்லாததால் களிம்பை விரலாலேயே பரப்பினேன். பூனைவாலால் கண்ணுக்குக் கீழே நிழல் வைத்தேன், கன்னத்தைக் குழியவைத்தேன். ஊசியால் வாயோரத்தில் கோடுகளை இழுத்து விரலால் கரைத்தேன். வைக்கோலாகக் கிடந்தவை நான் நினைத்த இடத்துக்கு எல்லாம் வழுக்கிக்கொண்டு போயின. கடைசியில் பெரியவனைப் பவுடரில் தொட்டு நெற்றியிலிருந்து தாடை வரை இறக்கினேன். முகத்தில் ஒரு கீறல் இல்லை, ஒரு முடி ஒட்டவில்லை. நடிகர் பாதியில் கண்ணயர்ந்தேவிட்டார்.

எழுப்பிக் கண்ணாடியைக் காட்டினேன். வெகு நேரம் பார்த்தார்.

"அப்பா" என்றார் மெதுவாக. அவர் அப்பாவின் ஜாடையாம். பாதி சிரிப்பும் பாதி அழுகையுமாக என்னைத் திரும்பிப் பார்த்தார்.

அப்போதே எனக்குத் தெரிந்துவிட்டது. யார் என்ன சொன்னாலும் சொல்லாவிட்டாலும், நான் ஜெயித்துவிட்டேன் என்று உள்ளங்கால் வரை தெரிந்துவிட்டது. வாய்விட்டுச் சிரிக்க வேண்டும்போல் இருந்தது, அடக்கிக்கொண்டேன்.

டீச்சர் அந்த முகத்தைச் சுற்றிச் சுற்றி வந்தார். பிறகு பெரியவனைக் கையில் எடுத்துக் கழுத்தைத் திருப்பிப் பார்த்தார். "இதை ஒட்டினது யாரு?"

"கழட்டினவரேதான், டீச்சர்."

இப்போது சிரித்தார். அரங்கத்தில் அதை யாரும் பார்த்ததில்லையாம், அப்புறம் சொன்னார்கள். "புதுசு வாங்கிட்டு வர்றவங்களை நிறையப் பார்த்துட்டேன். செத்ததை எழுப்பிக் கூட்டிட்டு வந்தவளை இன்னிக்குத்தான் பார்க்கிறேன்" என்றவர், கண்ணாடிக்குக் கீழே இருந்த நீளமான இழுப்பறையைத் திறந்தார். உள்ளே வரிசை வரிசையாக அரங்கத்தின் பிரஷ்கள். நான் பார்லரில் கனவிலும் தொட்டிராத உசத்தி ரகம், பாதிக்கு மேல் கழுவத் தெரியாதவர்கள் கையில் வைக்கோலாகிக் கிடந்தன. இழுப்பறையைப் பூட்டிச் சாவியை என் உள்ளங்கையில் வைத்தார்.

"திங்கட்கிழமையில இருந்து இதுக்கெல்லாம் நீதான் தாய். எல்லாத்தையும் எழுப்பு."

வாசலில் என் வீட்டுக்காரர், பெயின்ட் தெறித்த சட்டையோடு, திருடனுக்குத் தேள் கொட்டியது போல நின்றுகொண்டிருந்தார். பக்கத்தில் நாத்தனார். துணிக்கடையில் என்ன பொய் சொல்லிவிட்டு வந்தாளோ. நான் முகத்தை உம்மென்று வைத்துக்கொண்டு நடந்தேன்.

"என்னம்மா ஆச்சு?"

"தின்னரைப் பத்திக் கேட்டாங்க."

அவர் முகத்தில் இருந்த கொஞ்ச நஞ்சக் களையும் போயிற்று. "நான் வேணா உள்ள போய் அவங்க கால்ல விழுந்து..."

இன்னும் கொஞ்ச நேரம் அவரை வறுத்தெடுக்க ஆசைதான், ஆனால் என்னாலேயே முடியவில்லை. கையை விரித்தேன். சாவி பளபளத்தது. "ஒரு இழுப்பறை நிறைய அரங்கத்து பிரஷ், இனி எல்லாம் என் பொறுப்புங்க!"

அவர் போட்ட கூச்சலில் எதிர்ச்சாரியில் போனவர்கள் நின்று பார்த்தார்கள். நட்டநடு வீதியில் என்னைத் தூக்கி ஒரு சுற்றுச் சுற்றினார். சட்டையிலிருந்த பச்சைப் பெயின்ட் என் புடவையில் ஒட்டியது. தின்னர் இல்லாமல் அது போகாது, போகவும் வேண்டாம் என்று விட்டுவிட்டேன்.

"நான் சொன்னேன்ல, ஒரு சொட்டு போதாதுன்னு!" என்று நாத்தனார் கண்ணைத் துடைத்துக்கொண்டே குதித்தாள். "பாட்டில் காலி. புதுசு நீங்கதான் வாங்கித் தரணும் அண்ணி."

"ரெண்டா வாங்கித் தரேன். ஒண்ணு உனக்கு, ஒண்ணு எனக்கு."

என் வீட்டுக்காரர் சாவியையே பார்த்துக்கொண்டிருந்தார். "ஒரு இழுப்பறை நிறைய பிரஷா?" என்றார் வாயைப் பிளந்து. "அத்தனையும் நீ ஒருத்தியே எப்படிக் கழுவுவே? நான் வேணா ஞாயித்துக்கிழமை வந்து..."

சாவியை ரவிக்கைக்குள் செருகிக்கொண்டேன்.